கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள், பாஸ்டர்

நம் திருகோணமலையில், ஞாயிறு காலை ஆராதனை தொடங்கும் நேரம் பார்த்து, ஜெபக்கூடத்து வாசலில் பதாகையோடு ஐம்பது பேர் வந்து நிற்கிறார்கள். சற்று நேரத்தில் பொலிஸ் வருகிறது. "பிரச்சினை வேண்டாம், நிலையத்துக்கு வாங்கோ, கதைச்சுத் தீர்ப்பம்" என்கிறார்கள். பாஸ்டர் போகிறார். "இந்த இடத்தில் இனி ஆராதனை நடத்தமாட்டேன்" என்று சிங்களத்தில் எழுதிய தாளில் ஒப்பம் வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார். ஆறு கிழமை கழித்துச் சட்டத்தரணியைத் தேடி வருகிறார்.

ஆறு கிழமை! அடிப்படை உரிமை மனுவை உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும் என்று இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்கிறது. உபவாச ஜெபத்தில் இருந்தோம், மூப்பர்கள் கூடி முடிவெடுக்க நாளாயிற்று என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. ஆணைக்குழுவின் அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. கடிதம் போட்டதோடு கடமை முடிந்தது என்றும் இருக்கக்கூடாது. விசாரணை நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் கடிதம் உங்கள் கையில் இருக்கவேண்டும்.

இனி, கேட்டுக் கேட்டுக் காது புளித்த கதைக்கு வருகிறேன். "எங்கட சபை பதிவு இல்லைதானே, அதனால எங்களில தான் பிழை." யார் சொன்னார்கள்? கூட்டத்தில் நின்றவர் சொன்னார், கிராம சேவகர் சொன்னார், பொலிஸும் சொன்னது. ஆனால் பதிவு செய்தால்தான் கூடி ஜெபிக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எல்லோரும் தூக்கிக் காட்டுவது 2008 ஒக்டோபரில் மத விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சு அனுப்பிய சுற்றறிக்கையை. அது புதிய வழிபாட்டுத் தலங்களைக் கட்டுவது பற்றியது. சுற்றறிக்கை என்பது அதிகாரிகளுக்குப் போகும் அறிவுறுத்தல், பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அல்ல. உங்கள் வீட்டு விறாந்தையில் பதினைந்து பேர் பாய் விரித்துப் பாட்டுப் படிப்பது கட்டடம் கட்டுவதும் அல்ல.

அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்றுக்கொள்ளவும் உரிமை தருகிறது. 14(1)(உ), தனியாகவோ மற்றவரோடு சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வழிபடவும் கற்பிக்கவும் உரிமை தருகிறது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் 9ஆம் உறுப்புரையே இந்த இரண்டையும் காப்பதாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. கட்டடம் எழுப்பினால் உள்ளூராட்சி சபையின் கட்டட அனுமதி வேண்டும், அது வேறு விடயம். வீட்டுக்கென்று அனுமதி எடுத்து மண்டபம் கட்டியிருந்தால் அந்தப் பிழையை இன்றைக்கே திருத்துங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் உங்களை மடக்குகிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வாசலில் நிற்பவர்களுக்கும் அரசியலமைப்பு அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. வீதியோரத்தில் பதாகை பிடிப்பதும், உங்களுக்குப் பிடிக்காத கோஷம் போடுவதும் மட்டும் குற்றமாகாது. "எங்களுக்கு எதிராகக் கத்தினார்கள்" என்று முறைப்பாடு எழுதினால் அது எங்கேயும் போய்ச் சேராது. ஆராதனையை வேண்டுமென்றே குழப்பினால் தண்டனைச் சட்டக்கோவை 291ஆம் பிரிவு. வழிபாட்டு இடத்தைச் சேதப்படுத்தினால் 290. உள்ளே நுழைந்தால் அத்துமீறல். "அடுத்த கிழமையும் கூடினால் கொளுத்துவம்" என்றால் குற்றமுறை மிரட்டல். ஆகவே யார், எத்தனை மணிக்கு, எந்த வார்த்தையைச் சொன்னார், படலையைத் தாண்டினாரா இல்லையா என்று எழுதுங்கள். வார்த்தையை உங்கள் பாணிக்கு மாற்றாமல், சொன்னபடியே, சொன்ன மொழியிலேயே எழுதுங்கள்.

போராட்டம் வரப்போகிறது என்ற தகவல் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்கு முன்பே முகநூலில் தெரிந்துவிடும். அப்போதே பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் பாதுகாப்புக் கேளுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பிறகு பொலிஸ் வராவிட்டால், அடிப்படை உரிமை மனுவுக்கு அடித்தளம் இந்த முத்திரைதான். அந்த மனு அரசின் செயலுக்கோ செயலின்மைக்கோ எதிரானது, வாசலில் நின்ற கூட்டத்துக்கு எதிரானது அல்ல.

அன்றைக்கு ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் வீதியிலிருந்து தள்ளி உள்ளறையில் இருக்கட்டும். முன்படலையைச் சாத்துங்கள், பின்வாசலைப் பூட்டாதீர்கள். பேசுவதற்கு ஒருவர், படம் பிடிக்க ஒருவர், 119க்கு அழைக்க ஒருவர். வாலிபர் சங்கத்துப் பொடியன்களை வாசலுக்கு அனுப்பவே வேண்டாம். ஒரு தள்ளு, ஒரு கை ஓங்கல் போதும். பொலிஸ் இரு தரப்பையும் சேர்த்து, சமாதானக் குலைவு என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 81ஆம் பிரிவின்கீழ் நீதவான் முன் நிறுத்திவிடும். ஆராதனையைக் குழப்பியவரும், குழம்பிப் போனவரும் ஒரே கூட்டில் நிற்பீர்கள். இதைவிட அவர்களுக்கு என்ன வெற்றி வேண்டும்?

நேரலை போடாதீர்கள். பாட்டையும் கண்ணீரையும் சேர்த்து வெட்டி ஒட்டிய வீடியோவை வைத்து நீதிமன்றத்தில் எதையும் காட்ட முடியாது. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்கீழ் பதிவைச் சான்றாக வைத்தால், மூலப் பதிவையும் எடுத்த கருவியையும் எதிர்த்தரப்பு பார்வையிடக் கேட்கலாம். வட்ஸ்அப்பில் அனுப்பியதும் கோப்பு சுருங்கிவிடும். எடுத்த போனில் அப்படியே வைத்திருங்கள். சிசிடிவி இருந்தால் அன்றைக்கே பிரதி எடுங்கள், அதில் பழைய பதிவு தானாக அழிந்து, அதன்மேல் புதியது பதியும்.

நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள். வடக்கு கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி, அது சலுகை அல்ல. விளங்காத மொழியில் எழுதியதை வாசித்து விளக்காமல் ஒப்பம் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆராதனையை நிறுத்தச் சொன்னால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் என்று மரியாதையாகக் கேட்டு, எழுத்தில் தரும்படி சொல்லுங்கள். அநேகமாகப் பேச்சு அங்கேயே திசை மாறும். இணக்கம் பேச விரும்பினால் பேசுங்கள்: வாகனத்தை எங்கே நிறுத்துவது, ஒலிபெருக்கி எத்தனை மணிவரை. ஜெபிக்கலாமா கூடாதா என்பது இணக்கசபைக்குரிய விடயமே அல்ல.

ஒலிபெருக்கி என்றதும் ஞாபகம் வருகிறது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் பணித்தது. அது பள்ளிவாசல் சம்பந்தப்பட்ட வழக்கு, ஆனால் எல்லோருக்கும் பொருந்தும். முழு இரவு ஜெபத்துக்கு ட்ரம்ஸ் எதற்கு, பாஸ்டர்? பாலையூற்றிலும் அன்புவழிபுரத்திலும் மதிலோடு மதில் ஒட்டின வீடுகள். வெளியூரிலிருந்து வரும் கூட்டம் தூக்கிப் பிடிப்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கம் கெட்ட கோபத்தைத்தான். உலர் உணவுப் பொதியோடு துண்டுப்பிரசுரம் கொடுப்பதையும் தயவுசெய்து விடுங்கள். பொருளுதவியையும் மதப் பரப்பலையும் சேர்த்துச் செய்வதை 2003இல், மென்சிங்கன் சகோதரிகள் என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் பற்றிய தீர்மானத்தில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஐ.நா. மனித உரிமைகள் குழு 2005இல் வேறு விதமாகச் சொன்னது உண்மை, ஆனால் உள்ளூரில் நிற்பது உயர் நீதிமன்றத்தின் சொல்.

உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சாட்சி சபையில் இல்லை. மதிலுக்கு அப்பால் இருக்கும் இந்து அம்மாவும், முன்கடை முஸ்லிம் நானாவும்தான். "இவங்களால எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை" என்ற ஒரு வரி, சபையார் இருபது பேரின் வாக்குமூலத்துக்கு மேல்.

ஊழியக்காரன் வழக்குக்குப் போகக்கூடாது என்பவர்கள் அப்போஸ்தலர் 25ஐ இன்னொரு முறை திறந்து பார்க்கட்டும். "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமச் சக்கரவர்த்தியிடம் மேன்முறையீடு கேட்டது பவுல்.

ஏற்கனவே ஒப்பம் வைத்துவிட்டீர்களா? அது நீதிமன்றக் கட்டளை அல்ல. என்ன சூழ்நிலையில், என்ன மொழியில் வைத்தீர்கள் என்று நாளைக்கே பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பற்றுச்சீட்டு, கடிதப் பிரதி, வாடகைக் கட்டடம் என்றால் உடன்படிக்கை, மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். முப்பது நாள் எண்ணிக்கொண்டிருக்காமல், இந்தக் கிழமையே.