டிஜிட்டல்: விரலில் பிறந்த சொல்

‘டிஜிட்டல் ரெக்டல் எக்ஸாமினேஷன்’ என்பதை ‘மின்னணு ஆசனவாய்ப் பரிசோதனை’ என்று யாராவது மொழிபெயர்த்துவிட்டால், நோயாளி ஏதோ புதுக் கருவி வரப்போகிறது என்று காத்திருப்பார். வருவதோ கையுறை அணிந்த மருத்துவரின் விரல்.

இலத்தீனில் ‘டிஜிட்டஸ்’ என்றால் விரல். விரலுறைபோன்ற பூக்களைக் கொண்ட செடிக்கு 1542-இல் ஜெர்மன் தாவரவியலாளர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் ‘டிஜிடாலிஸ்’ என்று பெயர் வைத்ததும் விரலை நினைத்துத்தான். அந்தச் செடி பின்னர் இதய மருந்தானது. ஆக, மருத்துவத்துக்குள் இந்தச் சொல் கணினிக்கு வெகுகாலம் முன்பே நுழைந்துவிட்டது.

விரல்விட்டு எண்ணும் பழக்கத்தால் ‘டிஜிட்’ இலக்கத்தையும் குறித்தது. 1942-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் கணிக்கும் பொறிகளுக்கு ‘டிஜிட்டல்’ என்ற அடைமொழியைப் பரிந்துரைத்தார். இன்றைய பொருள் அங்கிருந்து பரவியது.

தமிழில் பலரும் ‘மின்னணு’ என்றே எழுதுகிறார்கள். அது ‘எலக்ட்ரானிக்’ என்பதற்குரியது, இரண்டும் ஒன்றல்ல. பழைய இ.சி.ஜி. கருவியில் ஊசி காகிதத்தில் இடைவிடாமல் கோடு இழுக்கும். அது மின்னணுக் கருவிதான், டிஜிட்டல் அல்ல. இன்றைய கருவி அதே இதயத் துடிப்பை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து எண்களாக்குகிறது. எண்ணாகிவிட்டதால்தான் அதைச் சேமிக்கலாம், தொலைவிலுள்ள மருத்துவருக்கு அப்படியே அனுப்பலாம், பத்து ஆண்டுக்கு முந்தைய பதிவோடு ஒப்பிடலாம். மருத்துவமனைகள் காகிதக் கோப்பை விட்டு இதற்கு மாறுவதன் காரணமே இந்த எண்ணாக்கம்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் தீர்மானங்களிலும் சொல் மாறியிருக்கிறது: 2005-இல் ‘இ-ஹெல்த்’, 2018-இல் ‘டிஜிட்டல் ஹெல்த்’. இரண்டையும் ‘மின்னணு’ என்றே பெயர்த்தால் இந்த நகர்வு தமிழில் தெரியாமலே போய்விடும்.

இலங்கையில் வழங்கும் ‘இலக்கமுறை’ பிழையில்லாத சொல். கூட்டுச்சொல்லில் சற்று நீளும், அவ்வளவே. என் கை ‘எண்ணிம’ என்பதற்கே போகிறது. ‘எண்ணிம நலவாழ்வு’, ‘எண்ணிம மருத்துவப் பதிவேடு’ என்று எளிதாக ஒட்டும். பேச்சில் டிஜிட்டல் இருந்துவிட்டுப் போகட்டும்.

இரத்த ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் எந்தப் பொருளில் டிஜிட்டல் என்பது? சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் பாய்ச்சி, இரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துத் திரையில் 98 என்று காட்டுகிறது. இலத்தீன்காரர் விரலைக் காட்டுவார், பொறியாளர் திரையைக் காட்டுவார்.