ஹைட்ரிக் மண்: ‘ஈர மண்’ அன்று, ஊறுமண்

சூழலியல் கட்டுரைகளின் தமிழாக்கங்களில் ‘ஈர மண்’ என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மூலத்தில் இருப்பது ‘ஹைட்ரிக் சாயில்’. அண்மையில் படித்த ஒன்றில் ‘அடையாளம் காணக் கடினமான ஈர மண்’ என்றே இருந்தது. ஈரம் தொட்டாலே தெரியுமே, அதில் என்ன கடினம் என்று படிப்பவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. பிழை சொல்லில் இருக்கிறது.

வேர் எளியது. கிரேக்கத்தில் ‘ஹைடோர்’ என்றால் நீர். அதன் வழி வந்த பெயரடை ஹைட்ரிக். ஆனால் மண்ணியலில் பொருள் அதோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் 1994 முதல் வழங்கும் வரையறை இது: பயிர் வளரும் பருவத்தில், மேற்பகுதியில் காற்றற்ற நிலை உண்டாகும் அளவுக்கு நீண்ட காலம் நீர் நிறைந்தோ, வெள்ளத்தில் மூழ்கியோ, நீர் தேங்கியோ உருவான மண். ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் இரும்பைக் கரையும் வடிவுக்கு மாற்றுகின்றன. இரும்பு நகர்ந்துபோன இடம் சாம்பல் நிறமாகிறது. வேர்த்துளை வழியே காற்று நுழையும் இடத்தில் துருநிறப் புள்ளிகள் படிகின்றன. மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுக் குறிக்கும் மன்செல் நிற அட்டையை வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் தேடுவது இந்தத் தடயத்தைத்தான்.

நேற்றைய மழையில் நனைந்த மேட்டு மண் ஈர மண்தான், ஹைட்ரிக் அன்று. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிலத்தடி வடிகுழாய் பதித்து நீரை வெளியேற்றிவிட்டு மக்காச்சோளம் விதைக்கிறார்கள். அங்கே பல வயல்களின் மண் இன்று ஈரமின்றிக் கிடந்தாலும் ஹைட்ரிக் மண்ணே. 1979இல் அமெரிக்க மீன், வனவுயிர்த் துறை வெளியிட்ட ஈரநில வகைப்பாட்டில் ‘நீர் வடிக்கப்படாத ஹைட்ரிக் மண்’ என்ற தொடரே உண்டு. வடிக்கப்பட்ட பிறகும் ஹைட்ரிக்காக நீடிக்கும் என்பது அதன் உட்பொருள். ‘வடிக்கப்பட்ட ஈர மண்’ என்று எழுதிப் பாருங்கள், முரண் தெரியும்.

அடையாளம் காணக் கடினமான வகைகளுக்கு வந்தால் குழப்பம் முற்றுகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கின் செம்மணற்பாறையில் பிறந்த மண்ணில் ஹெமடைட் என்னும் இரும்புத் தாது இருக்கிறது. அது எளிதில் நிறம் மாறாது. ஆண்டில் பல மாதம் நீரில் கிடந்தும் சிவப்பாகவே இருக்கும். பிரெய்ரி என்னும் வட அமெரிக்கப் புல்வெளியின் கரிய மண்ணில் மட்கின் கருமை சாம்பல் நிறத்தை மறைத்துவிடுகிறது. ஆற்றோரப் புது வண்டலுக்குத் தடயம் பதியக் காலம் போதவில்லை. இங்கெல்லாம் ஆல்ஃபா-ஆல்ஃபா டைபிரிடில் கரைசலைச் சொட்டி, கரைந்த இரும்பு இருந்து சிவப்பேறுகிறதா என்று பார்க்கிறார்கள். சிறு திட்டுகள் வரைபட அளவுக்குள் அடங்காமல் விடுபடுவதால் நேரில் போய்க் குழி தோண்டியே எல்லை குறிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை உழைப்பும் ‘ஈர மண்’ என்ற சொல்லுக்குள் காணாமல் போகிறது.

‘சதுப்பு மண்’ என்பாரும் உண்டு. சதுப்பு ஈரநிலத்தில் ஒரு வகை மட்டுமே. ஆற்றங்கரைக் காட்டுக்கு அது பொருந்தாது. ‘நீரியல் மண்’ இன்னும் மோசம், நீரியல் ஒரு துறையின் பெயர்.

நான் சொல்வது ‘ஊறுமண்’. நனைதல் நொடியில் முடியும். ஊறுதலுக்குக் காலம் வேண்டும், ஊறியது தன்மையும் மாறும். ஊறுகாய் என்று சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். வினைத்தொகை என்பதால் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என முக்காலமும் அடங்கும். வடிக்கப்பட்ட மண்ணுக்கும் பெயர் பொய்க்காது. ‘ஊறு’ என்றால் தீங்கு ஆயிற்றே என்று தடை சொல்லலாம். ஊறுகாயைத் தீங்கான காய் என்று யாரும் படிப்பதில்லை.

அகராதியில் முதலில் கிடைத்ததை ஒட்டவைக்கும் பழக்கம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. சூழலியலில் ‘வெட்லேண்ட்’ என்றால் ஈரநிலம். சென்னை மாகாண வருவாய் ஆவணங்களிலோ ‘வெட் லேண்ட்’ என்றால் நன்செய், ‘டிரை லேண்ட்’ என்றால் புன்செய். அந்த நன்செய்யையும் ‘ஈரநிலம்’ என்று பெயர்த்தால், பாசன வயலின் தீர்வைத் தரம் நாணலும் நீர்ப்பறவையும் வாழும் நிலமாக வாசிக்கப்படும். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக, தமிழில் தனித்தனியே இருக்கும் இரண்டை ஏன் ஒன்றாக்க வேண்டும்?