‘மேக்னெட்டிக்’ என்பது சும்மா பேர் இல்லை

போன வாரம் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் அறைக்கு, இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ (மேக்னெட்டிக் ரெசனன்ஸ் இமேஜிங்) எடுக்க ஓர் அம்மாவை அவருடைய மகன் அழைத்துவந்தார். அந்த அம்மாவுக்குப் பயம். “காந்தம்னு சொல்றாங்களேப்பா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகன் படிவத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டபடி சொன்னார்: “மேக்னெட்டிக்னா அது சும்மா பேருதாம்மா. பெரிய கேமரா, அவ்வளவுதான்.”

அரை மணி நேரத்தில் ஸ்கேன் முடிந்து சத்தம் நின்றது. அம்மாவை எழுப்பி உட்கார வைக்க உதவியாளர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். அவர் பின்னாலேயே மகன், வெளியே நின்ற சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் மூன்று எட்டு உள்ளே வந்தாயிற்று. நாற்காலி, தள்ளாமலேயே முன்னால் போகப் பார்த்தது. இழுத்து வெளியே கொண்டுவந்த பிறகு அவர் கேட்டார்: “மெஷின்தான் ஆஃப் ஆயிடுச்சே சார்?”

இந்த வருஷத்தில் இது நான்காவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

‘மேக்னெட்டிக்’ என்ற ஆங்கிலச் சொல்லை நாம் அதிகமாகக் கேட்பது ஆட்களைப் பற்றித்தான். ஒரு தலைவருக்கு மேக்னெட்டிக் பர்சனாலிட்டி, ஒரு நடிகைக்கு மேக்னெட்டிக் கண்கள். தமிழிலும் காந்தக் குரல், காந்தப் பார்வை என்கிறோம். கேட்டுக் கேட்டு, மென்மையான ஒரு கவர்ச்சி என்பதே அந்தச் சொல்லின் பொருளாக மனதில் படிந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது முதலில் ஒரு கல்லின் குணம். கிரேக்க நாட்டு மக்னீசியா என்ற வட்டாரத்தின் பெயரிலிருந்து வந்த சொல், பிறகுதான் மனிதர்களுக்கு ஏறியது. நம் சொல் வந்த வழி நேர் எதிர். வடமொழியில் காந்தக் கல்லுக்கு அயஸ்காந்தம் என்று பெயர். அயஸ் என்றால் இரும்பு, காந்தம் என்றால் விருப்பமானது. இரும்புக்குப் பிரியமான கல். உவமையிலேயே பிறந்த சொல்லை வைத்திருக்கும் நாம், அதன் நேர்ப்பொருளைக் கொஞ்சம் கவனமாகவே நினைவில் வைக்க வேண்டும்.

காந்தக் குரல் உங்களை இழுத்தால் காதைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடலாம். இந்த அறையில் இருக்கும் காந்தத்திடம் அது நடக்காது. எங்கள் மெஷினின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). பூமியின் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்குக்கு மேல். வாசலில் லேசாகத் தெரியும் இழுப்பு, நோயாளி படுத்து உள்ளே போகும் குழாயை நெருங்க நெருங்கச் சட்டென்று கூடும். ‘இழுத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்’ என்பவர்களுக்குச் சொல்கிறேன்: இழுப்பது கையில் உறைக்கும்போது பிடிக்க நேரம் இருக்காது.

இன்னொரு விஷயமும் என்னை உறுத்துகிறது. இந்தத் தொழில்நுட்பத்தின் பழைய பெயரில் ‘நியூக்ளியர்’ என்ற சொல்லும் இருந்தது. உடம்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருவைக் குறித்த சொல்தான், அணுக்கதிர்வீச்சோடு சம்பந்தமில்லை. ஆனாலும் மக்கள் மிரள்வார்கள் என்று மருத்துவப் பயன்பாட்டில் அதைக் கழற்றிவிட்டார்கள். தீங்கில்லாத சொல் போய்விட்டது. மிரள வேண்டிய சொல் அப்படியே இருக்கிறது, அதைப் பார்த்துப் பெரும்பாலும் யாரும் மிரளுவதில்லை. தினமும் பத்துப் பேராவது “ரேடியேஷன் எவ்வளவு சார்?” என்று கேட்கிறார்கள். எம்.ஆர்.ஐ-யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தத்தைப் பற்றி அந்த அம்மாவைப் போல எப்போதோ ஒருவர்தான் கேட்கிறார்.

சரி, அந்த மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மெஷின் ஆஃப் ஆகவில்லை. சத்தம் மட்டும்தான் நின்றது. டக் டக் என்று இடிப்பது, படம் எடுக்கும்போது மட்டும் வேலை செய்யும் வேறு சுருள்கள். பெரிய காந்தத்துக்குச் சத்தமே இல்லை. மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் குளிர்ந்து கிடக்கும் நயோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள் அது. அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடை இல்லை. ஒருமுறை ஏற்றிய மின்சாரம் வெளியிலிருந்து எதுவும் தராமலே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே ஸ்கேன் இல்லாத நேரத்திலும் காந்தம் உண்டு. ராத்திரி விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுப் போனாலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை உண்டு. கரண்ட் போனாலும், ஜெனரேட்டர் ஓடாவிட்டாலும் உண்டு. மாட்டிய நாள் முதல் இந்த நிமிடம் வரை உண்டு. அவசரத்துக்கு அணைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஹீலியம் கொதித்துக் குழாய் வழியே வெளியேறும். காந்தம் அடங்க ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். நாற்காலி பறந்து போய் ஒருவரை நசுக்க அந்த நேரம் வேண்டியதில்லை.

மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு பொது மருத்துவமனையில், மெஷின் ஆஃபில் இருக்கிறது என்று சொன்னதை நம்பி ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போன 32 வயது இளைஞர் இறந்துபோனார். அவர் நோயாளி அல்ல, நோயாளியின் உறவினர். 2001-ல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கேன் மேசையில் படுத்திருந்த 6 வயதுப் பையனின் உயிரைப் பறந்துவந்த சிலிண்டர் எடுத்தது. 2025 ஜூலையில் அதே மாநிலத்தில், ஸ்கேன் முடிந்த மனைவியை எழுப்பிவிட உள்ளே போன 61 வயதுக்காரரை, உடற்பயிற்சிக்காகக் கழுத்தில் போட்டிருந்த 9 கிலோ இரும்புச் சங்கிலி இழுத்துப் போட்டது. மறுநாள் இறந்தார். மனைவிக்குக் கை கொடுக்கப் போனவர். இதைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

‘மேக்னெட்டிக்’ என்பதற்கு நேர்ப்பொருளிலேயே இரண்டு அர்த்தம்: தானே காந்தமாக இருப்பது, காந்தத்தால் இழுபடுவது. உங்கள் சாவிக்கொத்து இரண்டாவது வகை. இரும்பும், நிக்கலும், கோபால்ட்டும் இழுபடும். ரத்தத்தில் இருக்கும் இரும்பை இழுத்துவிடுமா என்று கேட்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம். ஹீமோகுளோபினில் கட்டுண்ட இரும்பு ஆணி மாதிரி நடந்துகொள்ளாது. தங்கம் இழுபடாது, அதுவும் சரி. ஆனால் ‘இழுபடாது’ என்றால் ‘பரவாயில்லை’ என்று அர்த்தமில்லை. மெஷின் அனுப்பும் ரேடியோ அலையில் எந்த உலோகமும் சூடேறலாம், படமும் கெடும். அப்புறம் ‘மேக்னெட்டிக்’ காப்பு, மேக்னெட்டிக் மெத்தை என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்கள் வருகிறார்கள். அவை வலியைத் தீர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. காப்பைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

படிவத்தைப் படித்துப் பதில் எழுதுங்கள். தெரியாததற்கு ‘இல்லை’ என்று டிக் அடிக்காதீர்கள், எங்களைக் கேளுங்கள். பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, ஸ்டென்ட், எலும்பில் பிளேட் எது இருந்தாலும், எத்தனை வருஷம் ஆனாலும் சொல்லுங்கள். பெரும்பாலான பிளேட்டுகளும் ஸ்டென்ட்டுகளும் பிரச்சினை இல்லாதவைதான், ஆனால் அதை முடிவு செய்ய, பொருத்தியபோது மருத்துவமனையில் கொடுத்த அட்டை வேண்டும். லேத், வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: எப்போதோ கண்ணில் இரும்புத் தூள் பட்டிருந்தால் மறைக்காதீர்கள். ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம். உள்ளே தங்கிய துணுக்கு அசைந்தால் பார்வையே போகும். உடன் வருகிறவர்கள் கூப்பிடாமல் வாசல் தாண்டக் கூடாது. கூப்பிட்டாலும் பையைக் காலி செய்துவிட்டுத்தான் வர வேண்டும். வார்டிலிருந்து வரும் நர்ஸ் தங்கைகளே, சட்டைப்பையில் இருக்கும் கத்தரிக்கோலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக, அம்மாமார்களுக்கு. தாலிச் சங்கிலியைக் கழற்ற உங்களுக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். வரும்போது ஒரு மஞ்சள் கயிறு கொண்டுவாருங்கள், அதில் மஞ்சள் துண்டு ஒன்றைக் கட்டிப் போட்டுக்கொள்ளலாம், நாங்கள் தடுக்க மாட்டோம். ஆனால் சங்கிலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளைத் தயவுசெய்து மறக்காதீர்கள். அன்றைக்கு அந்த இடுப்பு வலி அம்மாவிடம் எல்லாம் கழற்றியாயிற்றா என்று இரண்டு முறை கேட்டேன், ஆயிற்று என்றார். மூன்றாவது முறை கேட்டபோது, ரவிக்கைக்குள் கைவிட்டு நான்கு ஊக்குகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.