தபால்தலை அளவில் வந்து நிற்கும் படங்கள்

கேமராவைச் செல்பேசியுடன் இணைத்ததும் அட்டையில் உள்ள படங்களெல்லாம் மளமளவென்று திரையில் வரிசை கட்டுகின்றன. அவற்றில் ஒன்றைத் தொட்டுத் தரவிறக்கச் சொன்னால்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அத்தனையும் நொடியில் வந்தபோது, ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்தத் தாமதம்?

முதலில் வந்தவை உண்மையான படங்களே அல்ல. படம் பிடிக்கும்போதே கேமரா ஒவ்வொரு ஜேபெக் கோப்பின் தலைப்பகுதியிலும் 160க்கு 120 புள்ளிகள் கொண்ட குட்டிப் படம் ஒன்றையும் பதித்துவிடுகிறது. தபால்தலை போல, சில கிலோபைட்தான். 24 மெகாபிக்சல் மூலப்படமோ சாதாரணமாக 10 மெகாபைட்டைத் தொடும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் பிடிபி என்ற நெறிமுறை இருக்கிறது. முதலில் யூஎஸ்பி கம்பியில் ஓடியது; பிறகு வைஃபைக்கு ஏற்ற பிடிபி-ஐபி வந்தது. கோப்புகளின் பட்டியலைக் கொடு, இந்த எண்ணின் குட்டிப் படத்தைக் கொடு, இப்போது முழுக் கோப்பையும் கொடு என்று செல்பேசி கேட்கக் கேட்க, கேமரா எடுத்துக் கொடுக்கிறது.

இதற்கு இணையம் தேவையில்லை. கேமராவே ஒரு வைஃபை மையமாக மாறிவிடுவதால் சிக்னல் இல்லாத மலையுச்சியிலும் வேலை நடக்கும். ஆனால் வீட்டில், 'இதில் இணையம் இல்லையே' என்று செல்பேசி பழைய வைஃபைக்குத் தாவிவிடும். பாதியில் அறுந்தால் பலரும் கேமராவைத்தான் திட்டுகிறார்கள். பாவம்.

கேமராவில் வைஃபையே இல்லாத காலத்தில், 2007இல், ஐ-ஃபை என்றொரு எஸ்டி அட்டை வந்தது. வைஃபை முழுவதும் அந்தச் சிறு அட்டைக்குள்ளேயே. மின்சாரம் மட்டும் கேமராவுடையது. அது அணைந்தால் பரிமாற்றமும் நின்றது.

வைஃபை பேட்டரியைத் தின்னும் என்பதால், 2016இல் நிக்கான் கொண்டுவந்த ஸ்னாப்பிரிட்ஜ் என்ற இணைப்புச் செயலி குறைசக்தி புளூடூத்தை நம்பியது. தொடர்பு எப்போதும் அறாமல் இருக்கும், வேகம்தான் போதாது. நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்தாலும் 10 மெகாபைட் படத்துக்கு 80 நொடி. ஆகவே தானாக வந்து சேர்வது 2 மெகாபிக்சல் பிரதி மட்டும், வீடியோவுக்கு வைஃபைதான்.

அந்தப் பிரதி வாட்ஸப்புக்குத் தாராளம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட்டால் ஐந்தரை அங்குல அகலத்தைக்கூடத் தொடாது. பெரிதாக அச்சிட வேண்டுமென்றால் செயலியின் அமைப்பில் மூல அளவைத் தேர்ந்தெடுத்து மறுபடி இறக்குங்கள்.