470 ரூபாய் பெற்றோல் என்ன செய்தது?

2022 ஜனவரியில் இலங்கையில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய். ஜூன் கடைசியில் 470. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் கிலோமீற்றருக்கு மூன்றரை ரூபாயாக இருந்த செலவு ஒன்பதரைக்குக் கிட்ட வந்துவிட்டது. அப்படியும் பெற்றோல் செட்டில் வரிசை குறையவில்லை. ஓகஸ்டில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தது: மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20.

அப்படியென்றால் விலையை ஏற்றிப் பாவனையைக் குறைக்க முடியாதா? முடியும், ஆனால் ஆறுதலாகத்தான். விலை ஏறும்போது சனத்தின் தேவை எவ்வளவு குறைகிறது என்பதைப் பொருளியலில் கேள்வியின் (டிமாண்டின்) விலை நெகிழ்ச்சி என்று அளக்கிறார்கள். பெரும்பாலும் வசதியான நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், விலை 10 சதவீதம் ஏறி அங்கேயே நின்றால் முதல் வருடத்தில் பாவனை ஏறக்குறைய 2.5 சதவீதம் குறைகிறது. நாலைந்து வருடத்தில் 6 சதவீதம். இதில் வேடிக்கை, சனம் ஓடுகிற தூரம் அவ்வளவு குறைவதில்லை. முதல் வருடம் 1 சதவீதம், போகப் போக 3. மிச்சம் குறைவாகக் குடிக்கிற வண்டிக்கு மாறுவதாலும் சிக்கனமாக ஓட்டுவதாலும் வருவது.

பெற்றோலுக்காகப் பெற்றோல் வாங்குபவர் எவருமில்லை. வேலைக்குப் போகவேண்டும், பிள்ளையை டியூசனில் விடவேண்டும். வீடு எங்கே, வேலை எங்கே, வண்டியில் என்ன எஞ்சின் என்பதெல்லாம் எப்போதோ முடிவாகிப் போனவை. இந்தக் கிழமைக்குள் மாற்றக்கூடியது கொஞ்சம்தான். இரண்டு பயணத்தை ஒன்றாக்கலாம். வேகத்தைக் குறைக்கலாம்: காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 80இல் போகிறவர் 60க்கு இறங்கினால் அந்தத் தடை பாதிக்குச் சற்று மேலே வந்து நிற்கும். கொட்டிலில் கிடந்த சைக்கிளைத் தூசி தட்டலாம். யாழ்ப்பாணம் அந்த வருடம் அதைத்தான் செய்தது, சைக்கிள் விலையும் கூடவே ஏறியது.

இலங்கையைச் சுத்தமான பரிசோதனையாக எடுக்கவும் முடியாது. டொலர் இல்லாமல் எண்ணெய்க் கப்பல் வராதபோது, பலகையில் எந்த விலையை எழுதினாலும் தாங்கி காலிதான். வரிசையும் ஒரு விலை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. இரண்டு நாள் செட்டடியில் படுத்துக்கிடந்த ஓட்டோக்காரர் 5 லீற்றருக்குக் காசோடு இரண்டு நாள் உழைப்பையும் கொடுத்தார். அவர் கொடுத்த காசு யாரோ ஒருவரின் கைக்குப் போனது. அந்த இரண்டு நாள் எவர் கைக்கும் போகவில்லை.

மண்ணெண்ணெய்க் கணக்கு இன்னும் கசப்பு. ஓகஸ்டில் அது ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340க்குத் தாவியது. படகின் பின்னால் பூட்டிய, மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரத்தோடு கடலுக்குப் போகிறவர் எதைச் சுருக்குவார்? மீன் இருக்கிற இடம் கிட்ட வராது. படகைக் கரையில் ஏற்றினார்கள். பாவனை குறைந்தது என்று புள்ளிவிபரத்தில் விழுவது இதுவும்தான். ஏழைக்கு நிவாரணத்தைக் கையில் கொடுத்துவிட்டு விலையை ஏற்றுவது ஒன்று, கொடுக்காமல் ஏற்றுவது வேறொன்று.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு விஷயம். விலையின் வேலையில் ஒரு பங்கு வண்டியை மாற்றுவதில் நடக்கிறது என்றேன். அந்நியச் செலாவணியை மிச்சம்பிடிக்க வாகன இறக்குமதியை 2020 மார்ச்சிலேயே நிறுத்தியிருந்தார்கள். 470 ரூபாயைப் பார்த்துச் சிக்கனமான வண்டி வாங்க நினைத்தவருக்குப் பழைய வண்டிதான் கிடைத்தது, அதுவும் யானை விலையில். தனியார் கார்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அதற்குள் பெற்றோல் 300 ரூபாயை ஒட்டி இறங்கியிருந்தது.