வசந்த ஓதமா, உவா ஓதமா?

ஏதோ ஒரு வெளிநாட்டு வளைகுடாவில் தூண்டில் போடுவதைப் பற்றிய காணொளி. தமிழ்க் குரல் சொல்கிறது: “வசந்த ஓதத்தின்போது நீரோட்டம் வேகமாக இருக்கும்.” ஓதம் என்றால் கடல்நீர் ஏறி வற்றுவது. இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக இந்த ‘வசந்த’த்தைக் கேட்கிறேன். பக்கத்தில் இருந்த புன்னைக்காயல் நண்பர் சிரித்துவிட்டார். “அண்ணாச்சி, அமாவாசைக்கு ஒண்ணு, பவுர்ணமிக்கு ஒண்ணு. அப்பம் நமக்கு மாசத்துக்கு ரெண்டு வசந்தம்லா வருது?”

அவர் கேட்டதிலேயே விளக்கம் முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஸ்பிரிங் டைட்’ என்பதைத்தான் வசந்த ஓதம் ஆக்கிவிட்டார்கள். அதில் உள்ள ஸ்பிரிங், பருவம் அல்ல. துள்ளி எழுவது, பொங்குவது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஞாயிறும் திங்களும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் நீர் பொங்குகிறது. பங்குனியிலும் புரட்டாசியிலும், பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, அது இன்னும் கொஞ்சம் கூடும். அதைச் சாக்காகச் சொல்லி வசந்தத்தைக் காப்பாற்ற முடியாது. புரட்டாசியில் என்ன வசந்தம்?

‘ஓதம்’ நல்ல சொல், பழைய சொல். சுவர் ஓதம் காத்துக் கிடக்கிறது என்று இன்றும் சொல்கிறோமே, அதே ஓதம்தான். விரைவீக்கத்துக்கும் அதுவே பெயர் என்பதால் சிலர் கூச்சப்பட்டு ‘அலை’ என்று எழுதிவிடுகிறார்கள். அலை காற்றால் எழுவது, நொடிக்கு நொடி வந்து போவது. ஓதம் ஏறி வற்றி மறுபடி ஏறப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். இரண்டையும் குழப்புகிறவர் கடற்கரையில் அரை நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதும்.

வசந்தக்காரர்களை மன்னித்துவிடலாம், அது வெறும் அறியாமை. அறிந்தவர்கள் இதற்கே எழுதும் ‘உயர் ஓதம்’தான் என்னை அதிகம் படுத்துகிறது. நீர் தினமும் இருமுறை உயர்கிறதே, அதை என்னவென்று சொல்வது? அதுவும் உயர் ஓதம் என்றால், “உயர் ஓதத்தின் உயர் ஓதம்” என்று எழுத வேண்டிவரும். எழுதியும் இருக்கிறார்கள்! அதைவிடப் பெரிய பிழை, பாதியைச் சொல்லிப் பாதியை விடுவது. இந்த நாட்களில் நீர் மிக ஏறுவது போலவே மிக வற்றவும் செய்யும். மன்னார் வளைகுடாவில் மொத்த ஏற்றவற்றமே ஒரு மீட்டருக்குள்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் ஏறும், அங்கே ஒரு சாண் யாருக்கும் கணக்கில்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில், மணல் திட்டின் மேல் வள்ளம் கடக்கும்போது அந்த ஒரு சாண்தான் கணக்கு. ‘உயர்’ என்ற சொல்லை நம்பி வற்றும் நேரத்தில் வந்தவன் அடி தட்டி நிற்பான்.

மீனுக்கும் இந்த இரு பக்கமும் வேண்டும். ஏறும் நீரோடு மடவை கழிக்குள் வரும். வற்றும்போது சிறுமீனும் இறாலும் இழுபட்டு வெளியேற, கொடுவா வாசலிலேயே காத்துக் கிடக்கும். நீர் மிகுந்து ஓடும் நாட்களில் இந்த வரவும் போக்கும் வேகம் பிடிக்கும். நீவாடு, அதாவது நீரோட்டம், மிஞ்சினால் வலை சுருண்டும் போகும்.

இதற்கெல்லாம் பொருந்துகிற சொல் நம்மிடமே இருக்கிறது: உவா. புறநானூறு 65ஆம் பாட்டில் கழாத்தலையார் “உவவுத் தலைவந்த பெருநாள்” என்கிறார். இரு சுடர்களும் எதிரெதிர் நோக்கும் நாள், அதாவது பௌர்ணமி. கம்பர், இராமனும் சுக்கிரீவனும் சேர்ந்ததை “உவா உற வந்து கூடும் உடுபதி, இரவி” என்கிறார். அங்கே திங்களும் ஞாயிறும் கூடுகிற அமாவாசை. இரண்டு நாளுக்கும் பொதுவாக ஒரே சொல்! பிரித்துச் சொல்ல வெள்ளுவா, காருவா என்றும் உண்டு. நிலவு வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகும், இருட்டில் மாட்டும். ஆகவே வலைக்காரருக்கு அந்தப் பிரிவும் தேவைப்படுகிறது. உவா ஓதம் என்றால் ஏற்றம், வற்றம் எதையும் விட்டுவிடவில்லை. ஓதம் உச்சமாவது உவாவுக்கு ஓரிரு நாள் பிந்தித்தானே என்று கேட்பார்கள். தீபாவளிப் பலகாரம் மறுநாள் வரைக்கும் தீபாவளிப் பலகாரம்தானே.

இதற்கு எதிரான, நீர் குறைவாய் ஏறிக் குறைவாய் வற்றும் அரைநிலா நாட்களுக்கு ‘தாழ் ஓதம்’ என்பதும் இதே கோளாறு. அட்டமி ஓதம் எனலாம். ‘எண்மி’ என்று திருத்த வரும் தனித்தமிழ் அன்பர்கள், அந்தச் சொல்லை ஒரு மீன்காரரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வரட்டும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைத்த பொருளோடு எழுந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் மனக்குறை.

நண்பரிடம் உவா ஓதத்தைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. நீங்க எழுதுங்க அண்ணாச்சி. நான் அமாவாசைத் தண்ணின்னே சொல்லிக்கிடுதேன்.”