'கோ'வுக்கு 'வென்ட்' வந்து சேர்ந்த கதை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் 'நான் போனேன், அவள் போனாள்' என்றும், கடைத்தெரு மலையாளத்தில் 'ஞான் போயி, அவள் போயி' என்றும் கேட்கிறார்கள். மலையாளம் பழைய விகுதிகளை உதிர்த்துவிட்டாலும், 'போ' என்னும் பகுதி இரண்டிலும் நிலைத்திருக்கிறது. பள்ளியில் கற்கும் ஆங்கிலத்தில் மட்டும் 'கோ' என்பதன் இறந்தகாலம் 'வென்ட்'. இரண்டுக்கும் ஓர் எழுத்துகூடப் பொருந்தவில்லை.

'வென்ட்' என்பது உண்மையில் வேறொரு வினையின் இறந்தகாலம். 'திரும்பு' என்று முதலில் பொருள்பட்டு, பின்னர் 'வழிபற்றிச் செல்' என்றான 'வென்ட்' (wend) என்ற அந்த வினையின் நிகழ்கால வடிவத்தில், ஈற்று டகரம் 'வண்டு' என்பதில் உள்ளதுபோல மெலிந்தும், இறந்தகாலத்தில் 'வட்டு' என்பதில் உள்ளதுபோல வலிந்தும் ஒலிக்கும். அதற்கு முன்பும் 'கோ'வுக்குச் சொந்தமான இறந்தகாலம் இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அவ்விடத்தில் இருந்த 'எஓடெ' என்ற சொல்லும் வேறு வேரிலிருந்து வந்ததே. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில், ஓர் இரவலை விலக்கி இன்னோர் இரவலை ஆங்கிலம் அமர்த்திக்கொண்டது. ஸ்காட்லாந்தியரோ தங்கள் 'கோ'விலிருந்தே விதிப்படி ஓர் இறந்தகாலத்தைச் செய்துகொண்டார்கள். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

இத்தகைய ஒழுங்கின்மை எப்படித் தப்பிப் பிழைக்கிறது? 2007இல் 'நேச்சர்' இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட 177 ஒழுங்கற்ற வினைகளில் இன்றும் அப்படியே இருப்பவை 98. ஒரு வினை மற்றொன்றைவிட நூறு மடங்கு அரிதாக வழங்கினால், அது பத்து மடங்கு விரைவாக விதிக்குள் வந்துவிடுகிறது. அரிதாகக் கேட்கும் வடிவம் நினைவில் தங்காதபோது, பேசுபவர் பொது விகுதியை ஒட்டிவிடுகிறார். 'ஹெல்ப்' என்பதன் பழைய 'ஹோல்ப்' மறைந்து 'ஹெல்ப்ட்' வந்தது அப்படித்தான். நாள் முழுதும் காதில் விழும் 'வென்ட்' மறக்க வழியில்லை. ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் பத்து வினைகளும் ஒழுங்கற்றவையே.

தமிழிலும் 'வா' என்பது 'வந்தான், வருகிறான்' என்றும், 'காண்' என்பது 'கண்டான்' என்றும், 'சா' என்பது 'செத்தான்' என்றும் திரிகின்றன. இவையும் அன்றாடப் பேச்சில் ஓயாமல் புழங்கும் வினைகளே. 'கோ'வுடன் விகுதியைச் சேர்த்து 'கோட்' என்று சொல்லும் குழந்தை கொழிஞ்சாம்பாறையில் மட்டுமல்ல, லண்டனிலும் உண்டு. விதியைக் கற்றுவிட்டது, 'வென்ட்' இன்னும் போதிய தடவை காதில் விழவில்லை, அவ்வளவுதான்.